பெலிண்டா காட்டிய டேப்லெட்

“உங்க கண்ணு டேப்லெட் மேல இருக்கட்டும், காது பொண்ணு மேல இருக்கட்டும். மாத்தி வெச்சிடாதீங்க,” என்றாள் பாக்கியமேரி, கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்.

“எனக்கு நிஜமாவே ஒரு டேப்லெட் வேணும் மேரி. போன்ல பேப்பர் படிச்சுப் படிச்சு கண்ணே போச்சு,” என்றார் அற்புதசாமி.

“அதுக்கா ஸ்ரீரங்கத்துலேருந்து பஸ் மாறித் தென்னூர் வரைக்கும் வந்தோம்?”

வந்தது மகன் பிரவீன்ராஜுக்குப் பெண் பார்க்க. பெண்ணுக்குத் தெரியாமல், டேப்லெட் வாங்க வந்தவர்கள் போல. இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் நிச்சயம் வரை போய் நின்றுவிட்டன. இரண்டுமே போட்டோ பார்த்து முடிவு செய்தவை. “இதுதான் கடைசி. நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதுவும் சரிவரலன்னா என்னை விட்டுடுங்க,” என்று பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டான் மகன்.

அதனால் தரகர் இந்த முறை போட்டோவை நீட்டியபோது பாக்கியமேரி வாங்கவே இல்லை. “போட்டோவுல எல்லாரும் மாதா சொரூபம் மாதிரிதான் இருக்காங்க. பேரையும் வேலை பாக்குற இடத்தையும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

உள்ளே சுவர் முழுக்க டேப்லெட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பனிமலை. பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டில் பொழுது விடிந்துகொண்டே இருந்தது. அற்புதசாமி அதைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

நீலச் சீருடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி நல்ல உயரம். இன்னொருத்தி கண்ணாடி போட்டிருந்தாள்.

“இங்க பெலிண்டான்னு...” என்று இழுத்தாள் பாக்கியமேரி. “நல்லா விளக்கிச் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க.”

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உயரமானவள் முன்னால் வந்தாள். “வாங்கம்மா, உக்காருங்க. டேப்லெட் யாருக்கு, எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க.”

எடுத்தவுடன் விலையைப் பற்றிப் பேசவில்லை. பாக்கியமேரி மனசுக்குள் ஒரு மார்க் போட்டாள்.

“இவங்களுக்குத்தான். பேப்பர் படிக்கணும். பெங்களூர்ல இருக்குற பையன்கிட்ட முகம் பாத்துப் பேசணும். பையன் நல்ல வேலையில இருக்கான். குடி, சிகரெட்டு எதுவும் கிடையாது.”

“டேப்லெட்டுக்கு அதெல்லாம் வேணாம் மேரி,” என்று முணுமுணுத்தார் அற்புதசாமி.

“வீட்டுல வைஃபை இருக்குங்களா?” என்று கேட்டாள் உயரமானவள்.

“இருக்கும்மா.”

“அப்ப சிம் போடுற மாடல் வேணாம். அதுக்குன்னு தனியா ஏன் செலவு பண்ணணும்? ஐயா கேம் ஆடப் போறதில்ல, சினிமா எடுக்கப் போறதில்ல. மேல் தட்டுல இருக்கறதெல்லாம் உங்களுக்கு அதிகம். ஸ்கிரீன் பெருசா இருக்கணும், பிடிச்சா கை வலிக்கக் கூடாது, சார்ஜ் நிக்கணும். இது போதும்.”

பாக்கியமேரி கணவரின் காதருகே குனிந்தாள். “விலை கூடினதைத் தலையில கட்டாம கொறஞ்சதைக் காட்டுறா பாருங்க. குடும்பம் நடத்தத் தெரிஞ்ச புள்ள.”

அற்புதசாமி டேப்லெட்டைத் தூரத்தில் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட பெண் அதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தாள். “எழுத்தைப் பெருசாக்கித் தரட்டுங்களா ஐயா? வெளிச்சத்தையும் கொறைச்சிடறேன், கண்ணு கூசாது.”

“ஏம்மா, நாங்க அவங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கோம்ல?” என்று சீறினாள் பாக்கியமேரி. “நடுவுல நீ யாரு? போய் உன் வேலையப் பாரு.”

கண்ணாடிக்காரி பில் போடும் மேசைக்குப் போனாள்.

“முந்திரிக்கொட்டை. இது போற வீடு என்ன பாடுபடப் போகுதோ,” என்றாள் பாக்கியமேரி, மேசை வரைக்கும் கேட்கும்படி.

அப்புறம் பரீட்சை தொடங்கியது. அலமாரியில் இருந்த மற்ற டேப்லெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். உயரமானவள் சிரித்த முகம் மாறாமல் பதில் சொன்னாள்.

“உனக்குக் கோவமே வராதாம்மா?”

“எங்க வீட்டுல எட்டுப் பேரும்மா. கோவிச்சுக்கிட்டா சாப்பாடு மிஞ்சாது.”

“காலையில சீக்கிரம் எந்திரிப்பியா?”

“விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிடுவேன். கடவுளை நெனச்சிட்டுத்தான் மத்த வேலை.”

பாக்கியமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? மொதப் பூசைக்குத் தவறாமப் போற முகம்ங்க இது. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு.”

“எனக்கென்னமோ அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு...” என்று ஆரம்பித்தார் அற்புதசாமி.

“நீங்க டேப்லெட்டைப் பாருங்க.”

நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த டேப்லெட்டை வாங்கினார்கள். பில்லை நீட்டிய கண்ணாடிக்காரியின் முகத்தைப் பாக்கியமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது உயரமானவளின் கன்னத்தைத் தடவி, “நல்லா இரு தாயி,” என்றாள்.

தெருவில் இறங்கியதும் மகனுக்குப் போன் போட்டாள். “பாத்துட்டேன்டா. தங்கம்! நீ கண்ணை மூடிக்கிட்டுத் தாலி கட்டலாம்.”

அதே நேரம் கடைக்குள் கண்ணாடி போட்ட பெண்ணின் போன் ஒலித்தது. அவளுடைய அம்மா.

“தரகர் சொன்ன மாதிரியே வந்தாங்களாடி பெலிண்டா? என்ன சொன்னாங்க, பிடிச்சிருக்காமா?”

“தஹ்ஸீனை முன்னாடி அனுப்பிட்டு நான் ஓரமா நின்னு அவங்களைப் பாத்தேம்மா. எனக்கு அந்த இடம் வேணாம்,” என்றாள் பெலிண்டா. “ஆனா அவங்களுக்குத் தஹ்ஸீனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, போன மாசம்தான் அவளுக்கு நிக்காஹ் ஆச்சுன்னு தரகர்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு.”