சுற்று வழி

"இது அஞ்சாவது புகார் லொரேட்டா. அந்த ஃபோஸ்கோ கிழவனை என்னதான் பண்றது?"

மேயர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒயின் நிலவறைக்கு வழி கேட்ட ஒரு டென்மார்க் தம்பதியை, ஃபோஸ்கோ மலையைச் சுற்றிக் கிணற்றுச் சந்துக்கு அனுப்பியிருக்கிறார். நிலவறையோ கோட்டை வாசலிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

எங்கள் ஊருக்குப் போலீஸ் என்றால் நான் ஒருத்திதான். எல்லாம் என் தலையில்தான் வந்து விடியும்.

"வயசாச்சுங்க. ஞாபக மறதியா இருக்கும்."

"மறதியா? அந்தச் சந்துல யாரு இருக்கா? அர்மீதா. மூணு வரிசை திராட்சைக் கொடிக்காக அவ புருஷனும் இவனும் கோர்ட்டுக்குப் போனவங்க. இருபது வருஷமா ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். இப்ப தனியாக் கிடக்கிற பொம்பளை வாசல்ல ஊர்க்கூட்டத்தை ஏவி விடறான். தோத்த கேஸுக்கு இப்படிப் பழி தீர்த்துக்கிறான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

"அர்மீதாகிட்ட ஒரு புகார் எழுதி வாங்கிட்டு வா. நாளைக்கே கோட்டை வாசல்ல அம்புக்குறிப் பலகை வெச்சிடலாம். அப்புறம் யாரை ஏமாத்தறான்னு பார்க்கிறேன்."

கோட்டை வாசலில், வழக்கமான கல் பெஞ்சில் ஃபோஸ்கோ உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தேன்.

குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து நிலவறைக்கு வழி கேட்டாள். "நேராப் போம்மா, நூறு அடிதான்" என்று சரியாகச் சொன்னார்.

பின்னாலேயே முதுகில் பையோடு வந்த ரெண்டு இளைஞர்களும் அதே வழியைத்தான் கேட்டார்கள். ஃபோஸ்கோ முதலில் அவர்கள் காலைப் பார்த்தார். நல்ல கெட்டிச் செருப்பு.

"வலது பக்கம் ஏறிக்கிட்டே போங்க. கிணறு வரும். அங்க கதவைத் தட்டிக் கேளுங்க" என்றார், கையாலும் காட்டி.

ஆள் பார்த்துத்தான் கைவரிசையைக் காட்டுகிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். புகார் முதலில் கைக்கு வரட்டும் என்று அடக்கிக்கொண்டு, அந்தப் பையன்கள் பின்னாலேயே ஏறினேன்.

கிணற்றுச் சந்தில் பதினோரு வீடு. பத்தில் பூட்டு. வீட்டுக்காரர்கள் எல்லாம் நகரத்தில், ஆகஸ்டில் ஒரு வாரம் எட்டிப் பார்த்தால் அதிகம். பகலிலேயே நம் காலடிச் சத்தம்தான் நமக்குத் துணை.

போன குளிர்காலத்தில் புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து ஜன்னலைச் சாத்தினவள்தான் அர்மீதா. ரொட்டிக்காரர் வாசலில் மாட்டிவிட்டுப் போன பை அப்படியே தொங்கும். நானும் ரெண்டு தரம் கதவைத் தட்டினேன். "நல்லாத்தான் இருக்கேன், போ" என்று குரல் மட்டும் வந்தது. எனக்கும் வேலை இருந்தது, போய்விட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே வாய்க்கவில்லை.

இன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது. அர்மீதா தலை வாரி, காதில் தோடு போட்டுக்கொண்டு நின்றாள்.

"வழி தவறிட்டீங்களா? நினைச்சேன்" என்று அந்தப் பையன்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டிய வழியைக் கால் மணி நேரம் சொன்னாள். எந்த ஊர், அம்மா இருக்காங்களா, சாப்பிட்டாச்சா, எல்லாம் கை ஜாடையில். ஆளுக்கொரு பாதாம் பிஸ்கட் கொடுத்த பிறகுதான் விட்டாள்.

"ரொம்பத் தொந்தரவா அத்தை? ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளையிலிருந்து ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று புகார்க் காகிதத்தை நீட்டினேன்.

அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"வர மாட்டாங்களா? ஏன்? டூரின் நகரத்துல இருக்கிற என் பையன் வந்துடு வந்துடுன்னு உயிரை எடுத்தான். நான் வந்துட்டா இதுங்களுக்கு யாரு வழி சொல்வான்னு கேட்டேன். அதோட விட்டுட்டான். இன்னிக்கு மட்டும் இது ஆறாவது கோஷ்டி, தெரியுமா?"

காகிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"கோட்டை வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன் வாயைத் திறந்து ஒழுங்கா வழி சொன்னா எனக்கு ஏன் இந்த வேலை? எதுக்கும் உதவாத ஜென்மம்."

கீழே இறங்கி வந்து ஃபோஸ்கோ பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, மேயர் இங்க பலகை வைக்கப் போறார்."

அவர் திடுக்கிட்டுப் போனார்.

"வேண்டாம்னு சொல்லும்மா."

"அப்ப வேணும்னேதான் அனுப்பறீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிப்ரவரியில ரெண்டு நாளா ரொட்டிப் பையை எடுக்கலைன்னு கேள்விப்பட்டேன். நான் போய்த் தட்டினா அவ திறப்பாளா? அதான், தட்டறதுக்கு ஆள் அனுப்பினேன். முதல்ல ஜன்னலைக் கொஞ்சூண்டு திறந்தாளாம். இப்ப பூராவும் திறக்கிறா இல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரெண்டு தரம் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று திரும்பினவள் நான்.

"பலகை வராது மாமா. அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ஊர்ல எல்லாரும் நீங்க பழிவாங்கறதாப் பேசறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"பழிவாங்கறேன்னே சொல்லிடு" என்றார் ஃபோஸ்கோ. "நான்தான் ஆள் அனுப்பறேன்னு மட்டும் அவ காதுக்குப் போயிடக் கூடாது. தெரிஞ்சா மறுபடியும் ஜன்னலைச் சாத்திடுவா."