ஆருக்கு இந்தச் சாய்வு?

“உடைக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து உடையுங்கோ” என்று சொல்லிவிட்டு, சாய்வுப்பாதையின் நட்டநடுவே குந்திவிட்டாள் அன்னலட்சுமி. புருஷன் செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு, தன் சங்கிலியை விற்று, மேசனைப் பிடித்து அவள் கட்டுவித்த பாதை அது. சீமெந்து இறுகட்டும் என்று ஒரு கிழமையாக ஈரச்சாக்குப் போட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான விறாந்தையில், அலவாங்குக் கடப்பாரையும் கையுமாக நின்றார் அருளம்பலம். பக்கத்து வீட்டுக்காரர். அந்தத் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவரும் அவர்தான், கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து ஆளை வரவழைத்தவரும் அவர்தான்.

வந்த ஆள் தனஞ்சயன், வீடமைப்புக் கந்தோரின் தொழில்நுட்ப உத்தியோகத்தன். திருகோணமலை வெயில் மண்டையைப் பிளந்தது. அதைவிட, இந்த வாசலில் வந்து நிற்பதே அவனுக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

இருக்காதா பின்னே? சங்கு குளிக்கப் போய் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன தன் மனுசனுக்கு ஒரு சாய்வு கட்டித் தாருங்கள் என்று இவள் எத்தனை தரம் கந்தோர் ஏறி இறங்கியிருப்பாள். பிளானில் இல்லை, பிளானில் இல்லை என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி அனுப்பியவன் இவனேதான். கடைசியில் அந்த மனுசன் இந்தப் படிகளால் இறங்கியது பெட்டிக்குள்.

“அம்மா, அனுமதி எடுக்காமல் கட்டினது. உடைக்கத்தான் வேணும்” என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

“கேட்டனான். தந்தனீங்களோ, தம்பி?”

தனஞ்சயன் கையிலிருந்த பிளானை விரித்துப் பார்த்தான்.

அருளம்பலம் விடுகிற ஆளில்லை. மனுசன் போன கவலையில் அக்காவுக்கு மண்டை தட்டிவிட்டது என்றார். செத்தவருக்குச் சாய்வு கட்டுகிற கூத்தை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா என்றார். இந்த மாடியில் நடக்க ஏலாத ஆள் என்று இனி ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை தன் மூத்தவளைப் பெண் பார்க்கக் கிளிவெட்டியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

“வாசல்ல இதைக் கண்டால், ஆருக்கு எண்டு கேக்க மாட்டினமோ, சேர்?”

“கேக்கட்டும்” என்றாள் அன்னலட்சுமி. “கேக்கத்தானே வேணும்.”

பாவம், உண்மையாகவே தட்டிவிட்டது போல என்றுதான் தனஞ்சயனும் நினைத்தான். விறாந்தைச் சுவரோரம் செத்தவரின் சக்கரக் கதிரை நின்றது. அதைத் துடைத்து, சில்லுக்குப் புதிதாக எண்ணெயும் விட்டிருந்தாள். கால் வைக்கும் தட்டின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, நைலோன் கயிற்றால் இறுக்கி உயர்த்தியிருந்தாள். அந்த மனுசன் நல்ல நெடுவல் ஆயிற்றே, அவருக்கு எதற்குப் பலகை? துக்கம் பிடித்தவர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள் என்று அதோடு விட்டுவிட்டான்.

அருளம்பலத்தின் மனைவி புஸ்பராணி தேத்தண்ணியோடு வந்தாள். புருஷன் நில் என்றால் நிற்கிற, இரு என்றால் இருக்கிற பெண் என்று பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கோப்பையைத் தனஞ்சயனிடம் கொடுத்தாள். பிறகு யாரையும் பாராமல் அந்தச் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

புருஷன் உடைப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுக்கிக் கொடுக்கிறாளாக்கும்! தனஞ்சயனுக்கு அவள்மேல் கோபமே வந்தது. ஆனால் கதிரைக்குச் சொந்தக்காரியான அன்னலட்சுமி ஒரு சொல் சொல்லவில்லை.

“அப்ப நான் துவங்கிறன், சேர்.” அருளம்பலம் அலவாங்கோடு ஓரடி முன்னே வந்தார்.

மேல்மாடிக்காரர் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வர ஒருவருக்கும் மனமில்லை. அன்னலட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஈரச்சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டாள். இவ்வளவு வீறாப்புப் பேசியவள் கடைசியில் பணிந்துவிட்டாளே என்று தனஞ்சயனுக்கு மனம் கனத்தது. வாய் திறந்து ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை.

சாக்கெல்லாம் அகற்றியபின் அவள் நிமிர்ந்து, அலவாங்கை ஓங்கிய அருளம்பலத்தைப் பார்த்தாள்.

“நடுவில ஒரு சுவர்தான், அருளம்பலம். அங்கால அழுதால் எனக்குக் கேக்கும்.”

ஓங்கிய அலவாங்கு அப்படியே நின்றது.

அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. சக்கரக் கதிரையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள், பன்னிரண்டு வயது மதிக்கலாம். சூம்பிய கால்கள் இரண்டும் அந்தப் பலகைத் துண்டில் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தன. நிலைக்கதவைப் பிடித்தபடி புஸ்பராணி அழுதுகொண்டு நின்றாள். பிள்ளை அழவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் கையாலேயே சில்லை உருட்டி வந்து, அலவாங்கோடு நின்றவருக்கு முன்னால் கதிரையை நிறுத்தினாள்.

“அப்பா, விலத்துங்கோ. நான் இறங்கப்போறன்.”