சாம்பல் புதனுக்கு முதல்

ஹோரேஸின் தச்சுப் பட்டறையில் அன்று சீவுளி ஓடவில்லை, வாய்தான் ஓடியது. மூன்று வருடம் தொடர்ந்து தோற்ற தங்கள் கிரிக்கெட் அணிக்கு எதிரணியிலிருந்து யாரை இழுப்பது என்று அவரும் ஜெயராஜாவும் காலையிலிருந்தே வாதாடினார்கள்.

"ஷோனை எடுப்பம். நல்லாப் பந்து போடுறான்," என்றார் ஜெயராஜா.

"அவனுக்குப் பத்தொன்பது வயசு. எடுத்தமெண்டா அவன்ட அம்மா நம்மளத் துடைப்பத்தால அடிப்பா. டஸ்டினை எடுப்பம். போன தரம் நமக்கு ஆறு சிக்ஸர் அடிச்சவன்."

"பதிலுக்கு ஆள் குடுக்கணுமெண்டா நான் போறன். என்ட பொஞ்சாதி பீற்றிஸ்தான் விடமாட்டா."

"இந்த அணிக்கு வந்தவன் திரும்பிப் போறதில்ல. டஸ்டின் ஓம் எண்டுட்டான். டினோஷாதான் திகதி சொல்லணும். சாம்பல் புதன் தாண்டினா ஒண்டும் செய்ய ஏலா. ஈஸ்டருக்கு மறுநாள் மட்ச்."

இருவரும் ஒரு பெட்டி கேக்கோடு டினோஷா வீட்டுக்குப் போனார்கள்.

"சாம்பல் புதனுக்கு முதல் முடிச்சிரு மகள்," என்று ஹோரேஸ் கெஞ்சினார்.

டினோஷா கேக்கில் ஒரு துண்டை ஆற அமரத் தின்று முடித்தாள்.

"சாம்பல் புதனில தொடங்குற தவக்காலத்தில கோயில்ல கல்யாணம் இல்ல எண்டு எனக்கும் தெரியும், அங்கிள். அதாலதான் எனக்கும் டஸ்டினுக்கும் ஈஸ்டருக்கு அடுத்த கிழமை பதிஞ்சிருக்கன். சின்னதில இருந்து கல்யாணமாகாதவங்கட அணிக்குத்தான் நான் கைதட்டுறன். அவங்கட ஆளை மட்ச்சுக்கு முதலே, கல்யாணம் முடிச்ச உங்கட அணிக்கு நானே தூக்கிக் குடுக்கவா?"