பச்சைக்கு மாறிய தெரு

சாலைப் பொறியாளர் உற்சாகத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சுவரில் விரிந்திருந்த நகர வரைபடத்தில், பிடிவாதமாகச் சிவந்து கிடந்த ஒரு தெரு பச்சையாகியிருந்தது.

"மூணு வாரமா ஒரு புள்ளிகூட இல்லீங்க. நாளைக்கே லாரிய விட்டுடலாம்."

எங்கள் வேலை இதுதான். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை அழுத்தினால், அதன் தலையில் மாட்டிய சின்னக் கருவி செய்தி அனுப்பும். வரைபடத்தில் அவர் வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி விழும்.

ஊரில் எங்கே நின்று அழுத்தினாலும் புள்ளி வீட்டின் மேல்தான் விழும். அப்படி அமைத்தவள் நான். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி மட்டும் சிவந்து கிடக்கும்.

சிவப்புத் தெருவில் லாரிக்குத் தடை. பச்சையானால் தடை நீங்கும். ஒழுங்காக மூச்சு விட்டதற்குப் பரிசாக லாரிப் புகை. எந்த மகாராசன் மூளையில் உதித்த விதியோ.

விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன். என்னிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். டீ கொண்டுவந்தவர்கூடக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அலுப்பாக இருந்தது. அழுவதற்கும் தெம்பில்லாத அலுப்பு.

பச்சையாகியிருந்தது என் தெரு. வரைபடத்தில் பெயர்கள் கிடையாது. அந்த அறையில் அது யாருக்கும் தெரியாது.

எங்கள் எதிர்வீட்டுக் குட்டி பள்ளி வண்டிக்கு நிற்கும்போது, தன் நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பதாக என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் இன்ஹேலரில் கருவி மாட்ட அவள் அம்மா சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளைக்கு நோய் என்று ஊருக்குத் தெரியக் கூடாதாம். கெஞ்சிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆக, ஒரே ஒரு வீட்டின் புள்ளிகள்தான் எங்கள் தெருவைச் சிவப்பாக வைத்திருந்தன. அவளுக்கும் சேர்த்து.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள், அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். தெரு அப்போதும் பச்சைதான். நாளைக்கு லாரி வரும். குட்டி வாசலில் நிற்பாள்.

பொறியாளர் பேனா மூடியைத் திறந்தார்.

நான் கைப்பையைத் திறந்தேன்.

எனக்கு ஆஸ்துமா இல்லை. ஆனாலும் மேசைக்கடியில் இன்ஹேலரைப் பிடித்து அழுத்தினேன். 'புஸ்'ஸென்ற சத்தம் கேட்காமலிருக்க இருமினேன். மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.

மருந்து வாசனை மேலே ஏறி வந்தது. எங்கள் படுக்கையறையின் வாசனை. அதை எதிர்பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சுவரில் ஒரு புள்ளி விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. தெரு பழையபடி சிவந்தது.

பொறியாளர் பேனாவை மூடினார்.

"அடடா, அந்த ஆளு இன்னும் இருக்காரு போல. சரி, லாரி வேண்டாம்."

ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மூக்குக் கண்ணாடியோடும் கைக்கடிகாரத்தோடும் சேர்த்து என்னிடம் கொடுத்த இன்ஹேலர் அது. மேசைக்கடியில் காதுக்கெட்டாமல் மெல்ல ஆட்டிப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.