முதஸ்ஸிர் பாயின் வண்டி

“ஒண்ணும் இல்ல சார், ஆறு மாசமா எடுக்காம நின்னுக்கினு கீது. அதான் இப்படிக் குலுங்குது” என்றார் ஃபராஸ், பானட்டின் மேல் கையை வைத்தபடி.

சாய்நாத் காரிலிருந்து இறங்கினான். வெள்ளிக்கிழமையே ஓடி வந்துவிடத் துடித்தவன், ஞாயிறு காலை வரை பொறுத்திருந்து மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தான். வந்து சாவியைத் திருப்பினால், வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது.

அது முதஸ்ஸிர் பாயின் வண்டி. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. இன்னும் அதை விடாமல் ஓட்டுகிற நூற்றிருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். கிளட்ச் கனக்கிறது, ஏ.சி. போட்டால் எஞ்சின் சூடேறுகிறது என்று யார் எதைக் கேட்டாலும், முதஸ்ஸிர் பாயிடமிருந்துதான் சரியான பதில் வரும். பந்தா இல்லாமல், இரண்டே வரியில். நேரில் அவரை யாரும் பார்த்ததில்லை. குழுவின் சந்திப்புகளுக்கு வரவே மாட்டார். ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பில் அவர் போய்விட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து, குழுவில் கேள்விகள் பதிலில்லாமல் கிடந்தன.

பட்டினப்பாக்கத்துக் கடற்காற்றில் சாய்நாத்தின் வண்டி அடிப்பக்கமெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதே மாடலில் நல்லதாக ஒன்றை இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான். பாயின் வண்டியே விலைக்கு வருகிறது என்று வெள்ளிக்கிழமை தெரிந்ததும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“முன்னாடி ரெண்டு பேர் வந்து பாத்தாங்கன்னீங்களே, அவங்களும் இப்படித்தான் திரும்பிப் போனாங்களா, பாய்?” என்று ஃபராஸிடம் கேட்டான்.

“ஆமா சார். ஒருத்தர் வந்தப்ப ஸ்டார்ட்டே ஆவல. இன்னொருத்தர் வந்தப்ப ஏதோ ஒழுவுச்சு. அவங்க போனப்புறம் மெக்கானிக் வந்து பாத்தா, எல்லாம் கரெக்டா கீதுன்றான்.” ஃபராஸ் குரலைத் தாழ்த்தினார். “என் தங்கச்சி வூட்டுக்காரர் வண்டி சார். இனிமே யார் ஓட்டப் போறாங்க? அவளுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? சும்மா நின்னு வீணாப் போவுறதுக்கு, நல்ல ஆளு கையில குடுத்துடலாம்னு பாக்குறேன்.”

தங்கை ரூபீனா வாசல் படியில் நின்றிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. அவன் வந்தபோது ‘வாங்க’ என்று சொன்னதோடு சரி.

சாய்நாத் பானட்டைத் தூக்கினான். குலுங்கும் எஞ்சினைப் பார்த்ததும், குழுவில் பாய் எப்போதோ எழுதியது நினைவுக்கு வந்தது. ‘எஞ்சின் குலுங்கி மிஸ்ஸிங் அடித்தால் பயப்பட வேண்டாம். முதலில் பிளக் வயர் நான்கும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.’

எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டான். மூன்று கெட்டியாக இருந்தன. நான்காவது, ஒப்புக்கு வைத்ததுபோல் கையோடு வந்தது.

அது தானாகக் கழன்று வராது. திருகி இழுத்தால்தான் வரும். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தான். ரூபீனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“இன்னா சார், எதுனா தெரிஞ்சுதா?”

வயரை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். வண்டி சாயங்காலத்துக்குள் அவன் வீட்டு வாசலில் நிற்கும்.

கணவர் விட்டுப்போன வண்டி. விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. கணவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்து, தெரிந்தவரையில் தடுத்துப் பார்க்கிறாள். பாவம் என்றிருந்தது சாய்நாத்துக்கு.

வயரை இருந்தபடியே வைத்துவிட்டுப் பானட்டை மூடினான்.

“எஞ்சினை இறக்கிப் பாக்கணும் பாய். பெரிய வேலை. எனக்கு வேணாம்.” ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னான். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இதை இப்ப விக்காதீங்க. இந்த நிலைமையில பாத்தா, எல்லாரும் காயலாங்கடை விலைதான் சொல்லுவாங்க. வீட்லயே நிக்கட்டும்.”

ஃபராஸ் பெருமூச்சு விட்டார். “மூணாவது ஆளு நீங்க. எனக்கும் அலைஞ்சு அலைஞ்சு போதும்னு ஆயிடுச்சு.” தங்கை பக்கம் திரும்பி, “வுடும்மா ரூபீனா, நின்னா நிக்கட்டும், நான் இனிமே இதுல தலையிடல” என்றவர், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாய்நாத் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். இரண்டு வருட ஆசை கைக்கு எட்டியும் நழுவிப் போய்விட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு மாதிரிச் செய்திருந்தால், அந்த வண்டியை நிம்மதியாக ஓட்டியிருக்க முடியாது என்றும் தோன்றியது.

“தம்பி.”

ரூபீனா படியிறங்கி வந்திருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. “ரொம்ப நன்றி தம்பி.”

“பரவாயில்லம்மா. பாய் ஞாபகமா இருக்கட்டும்.”

அவள் தலையசைத்தாள். பிறகு, “ஹாரன் அடிச்சா லைட்டு மங்குதுன்னு கேட்டிருந்தீங்களே, எர்த் வயரை மாத்தினீங்களா?” என்றாள்.

சாய்நாத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “மாத்திட்டேன்மா, பாய் எழுதின மாதிரியே. சரியாப் போச்சு. நாங்க கேக்குறதையெல்லாம் வீட்லயும் சொல்லுவாரா?”

முதல் முறையாக ரூபீனா சிரித்தாள்.

“நீங்க கேக்குறதைப் படிச்சுக் காட்டுவாரு தம்பி, நான் சொல்றதை டைப் பண்ணுவாரு. மத்தபடி, பெட்ரோல் பங்க்ல போய் நின்னா, மூடி எந்தப் பக்கம் இருக்குன்னு என்னைத்தான் கேப்பாரு.”