கன்னியப்பன் வீட்டுப் பாடு

ஊர்க்கூட்டத்துல வரதன் அந்தப் பழைய காகிதங்களை விரிச்சப்போ, ஏதோ கோயில் வரவு செலவுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

"கன்னியப்பன்னு ஒருத்தர். நம்ம தீனாவுக்குக் கொள்ளுத்தாத்தா. அவர் யாருன்னு தெரிஞ்சுக்கணும் இல்ல?"ன்னு ஆரம்பிச்சார் மனுஷன்.

வரதன்தான் குப்பத்துக்குத் தலைவர். ஏரியில எந்த வீடு என்னைக்கு எந்த இடத்துல வலை போடலாம்னு வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக்கிறது இங்க வழக்கம். அதுக்குப் பேர் பாடு. பரம்பரையா மீன் பிடிக்கிற வீட்டுக்குத்தான் பாடு. மத்தவங்க ஏரியில கால் நனைக்கலாம், வலை நனைக்கக் கூடாது.

இந்த வருஷம் தீனா பேரைச் சேர்க்கணும். வயசு வந்த பையன். அப்பன் விட்டுட்டுப் போன வலையை உட்கார்ந்து உட்கார்ந்து பொத்தல் அடைச்சு வச்சிருந்தான்.

அவன் நைனாவும் அண்ணன் பிரகாஷும் முந்தின மழைக்காலத்துல முகத்துவாரத்துல படகு கவுந்து போயிட்டாங்க. நைனா உடம்பு கரை ஒதுங்கிச்சு. பிரகாஷ் கிடைக்கவே இல்லை. அன்னைக்கிலிருந்து அவங்க அம்மா இருசம்மாள் வீட்டு அடுப்பு எரியுதுன்னா, ஊர் விட்டுக்கொடுத்த விதவைப் பங்குலதான் எரியுது.

எல்லாம் தெரிஞ்சும் வரதன் படிச்சார், பாருங்க.

கன்னியப்பன் எளாவூர்ப் பக்கம் நெல்லு போட்டவர். நிலத்துக்குக் கிஸ்தி கட்டின ரசீது இருக்கு. ஒரு புயல்ல வயல்ல உப்புத்தண்ணி ஏறி, வரியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கைநாட்டு வச்ச மனு இருக்கு. கிடைக்கலை போல. அடுத்த காகிதத்துல உழவு மாட்டை வித்திருக்கார். அதுக்கு அடுத்ததுல நிலத்தையே வித்திருக்கார். கடைசியா தீனாவோட தாத்தா பிறந்த பதிவு. தகப்பன் தொழில் பயிர்த்தொழில்னு போட்டிருக்கு.

அதுக்கப்புறம் எளாவூர்ல அவர் பேரே இல்லை. பெண்டாட்டி, கைக்குழந்தையோட ஏரிக்கரைக்கு வந்து குந்தினவரை, பாவம்னு அந்தக் காலத்துல யாரோ வலை இழுக்கச் சேர்த்துக்கிட்டிருக்காங்க.

பட்டினியில ஒரு மனுஷன் நடந்து வந்த கதை அது. கேட்டு யாராவது கண் கலங்கணுமே? ஊஹூம். ஒரு பேர் குறைஞ்சா நம்ம முறை சீக்கிரம் வருமேன்னு யோசிச்ச மூஞ்சிங்கதான் அங்க அதிகம்.

தீனா எழுந்து நின்னான்.

"இன்னா தாத்தா பேசறீங்க? எங்க நைனாவும் அண்ணனும் ஏர் உழுதா செத்தாங்க?"

வரதன் தலை நிமிரலை. "வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்பா. இந்த வீட்டுக்கு இனிமே பாடு கிடையாது. விதவைப் பங்கும் கிடையாது."

இருசம்மாள் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருந்தா. பாவம், பேச என்ன இருக்கு?

டீக்கடையில வரதனைக் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. செத்துப்போன கிழவனைத் தோண்டியெடுத்து ஒரு தாலியறுத்தவ சோத்துல மண்ணைப் போட்டுட்டானே, இந்தக் காகிதமெல்லாம் இந்தாளுக்கு எங்க கிடைச்சுதோ, ரெண்டு மகனுங்க இருக்கானுங்களே அவனுங்களுக்காகத்தான்னு ஆளாளுக்குப் பேச்சு. ஆனா தீனாவுக்காகக் கூட்டத்துல வாயைத் திறந்தவன் ஒருத்தனும் இல்லை. பழவேற்காட்டுல பேசி வச்சிருந்த பொண்ணு வீடும் சத்தம் போடாம ஒதுங்கிடுச்சு.

மறுநாளே தீனா வலையைத் தூக்கிட்டுப் போய் வரதன் வாசல்ல போட்டான். நீங்களே வச்சு நல்லாப் பொழைங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துட்டான். கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்புக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, அந்த வாரமே துணிப்பையோட கிளம்பிட்டான்.

பொன்னேரி பஸ்ல ஏத்திவிட இருசம்மாளும் கூடவே போனா. ஏறுறதுக்கு முன்னாடி அவன் சொன்னது பஸ் ஸ்டாண்டுல நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு.

"மாசாமாசம் பணம் அனுப்பறேன். ஆனா இந்த ஊர்ல கால் வைக்கச் சொல்லாத. நீ செத்தாக்கூட நான் இங்க வர மாட்டேம்மா."

பஸ் போச்சு. இருசம்மாள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, நேரா வரதன் வீட்டுக்கு நடந்தா. இன்னைக்கு அந்தாளுக்கு இருக்குன்னு பேசிக்கிட்டாங்க ஜனங்க. நியாயம்தானே, யாரா இருந்தாலும் சும்மா விடுவாங்களா?

வரதன் தனியா உட்கார்ந்திருந்தார். தீனா போட்ட வலை போட்ட இடத்துலயே கிடந்துச்சு. இருசம்மாள் வந்த வேகத்துல அவர் கால்ல விழுந்துட்டா.

"ஊரே உங்களைக் காறித் துப்புது மாமா."

"துப்பட்டும். நீ குடிக்கிற கஞ்சியும் சேர்ந்து போச்சே, அதாம்மா எனக்கு ஆறலை. புள்ளையும் வெறுத்துட்டுப் போயிட்டான். இப்பவாவது அவன்கிட்ட உள்ளதைச் சொல்லிடு."

"சொன்னா திரும்பி வந்து தண்ணியில எறங்கிடுவான் மாமா. நைனா போன எடத்துலயே நானும் வலை போடுவேன்னு நின்னவன் அவன்." கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. "எளாவூருக்கும் பொன்னேரிக்கும் அலைஞ்சு அந்தக் காகிதமெல்லாம் தேடி உங்க கையில குடுத்தது நான்தான்னு, நான் செத்தப்புறம்கூட எம்புள்ளைகிட்ட சொல்லிடாதீங்க."