விரல் படாத புள்ளி

வெப்கேமராவுக்குள் ஒட்டியிருந்த குட்டிச் சிவப்புக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, அங்கே கறுப்பு பிலிம் துண்டை ஒட்டினாள் மகள்.

"இனிமே சாதாரண வெளிச்சம் இதுக்குத் தெரியாதுப்பா. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

"உங்கம்மா மாதிரி. இருக்கிறது தெரியாது, இல்லாததெல்லாம் தெரியும்," என்றார் மூட்டை தூக்கிக் களைத்து வந்திருந்த அப்பா.

மேலே கண்ணாடி, ஓரமாக அந்தத் தெரியாத வெளிச்சத்துக்கான பல்புகள், அடியில் கேமரா. இதுதான் அவள் செய்த தொடுதிரை. நாளைக்குக் கல்லூரியில் காட்ட வேண்டும். சொதப்பினால் ஒரு வருஷம் போச்சு.

அவளுடைய அறை ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். அப்பா விரல் வைத்தார். கம்ப்யூட்டரில் வெள்ளைப் புள்ளி பளிச்சிட்டது.

"சரி, கையை எடுங்கப்பா."

"எடுத்து எவ்வளவு நேரமாச்சு!"

புள்ளி ஒன்று அப்படியே நின்றது. பல்புகளை அணைத்தாள். போகவில்லை. கேமராவைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பினாள். கட்டிலுக்கு நேரே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தின் பக்கம் போனதும் புள்ளி பெரிதானது.

"கடிகாரத்துல ஏதுப்பா பல்பு? இருட்டுலயும் படம் பிடிக்கிற கேமராவுலதான் இந்த வெளிச்சம்..."

குடிவந்த அன்று வீட்டுக்காரர் தன் கையாலேயே மாட்டிய கடிகாரம் அது. 'பொண்ணு நேரம் பார்த்துப் படிக்கட்டும்' என்றார். மாதாமாதம் பேட்டரி மாற்றவும் அவரே வருவார். தங்கமான மனுஷன் என்று இரண்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடிகாரத்தின் மேல் போட்டார்.

"பார்த்தது போதும்மா," என்றார்.